கருந்துளையைச் சுற்றி ‘வடை’ இருக்கிறதா? ஒரே கேலக்ஸி, இரண்டு படங்கள், இன்னும் தீராத ஒரு வாக்குவாதம்

ஒரே மலை. ஒரே தொலைநோக்கித் தொகுப்பு. பார்த்ததும் ஒரே கேலக்ஸியின் மையத்தைத்தான். ஆனால், 2020-ல் வெளியான படத்தை வைத்து ஒரு குழு ‘கருந்துளை இதோ, இந்த வளையத்தின் நடுவில் இருக்கிறது’ என்றது. 2022-ல் வெளியான படத்தை வைத்து இன்னொரு குழு ‘அங்கே இல்லை. கொஞ்சம் தள்ளி, தடிமனான தூசுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது’ என்றது.

இரண்டு குழுவிலும் இருப்பவர்கள் அந்தத் துறையின் முன்னணி ஆட்கள். இரண்டு ஆய்வும் நல்ல ஆய்விதழ்களில் வந்தவை. யாரும் தரவை மாற்றவில்லை, யாரும் அவசரப்படவும் இல்லை. அப்புறம் எப்படி இரண்டு பதில்?

இதைப் புரிந்துகொள்ள முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் ‘விண்வெளிப் படம்’ என்று ஷேர் செய்கிறவற்றில் பல, உங்கள் மொபைல் கேமரா எடுப்பது மாதிரியான போட்டோ இல்லை. கிடைத்த தரவில் இருந்து ‘இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்று கணித்துக் கட்டப்பட்டவை. தரவோடு வேலை பார்க்கிறவள் என்பதால் எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதியும் அதுதான்.

அது என்ன ‘ஆக்டிவ்’ கேலக்ஸி?

நாம் பேசப்போகும் கேலக்ஸியின் பெயர் மெஸ்ஸியே 77. இன்னொரு பெயர் என்.ஜி.சி. 1068. நம்மிடமிருந்து சுமார் 4.7 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் கேலக்ஸிகளின் கணக்கில் இது பக்கத்து வீடு.

நம் பால்வீதி உட்பட பெரிய கேலக்ஸிகள் எல்லாவற்றின் நடுவிலும் ஒரு ராட்சதக் கருந்துளை இருக்கிறது என்பதுதான் இன்றைய புரிதல். பெரும்பாலானவை சும்மா கிடக்கின்றன. சிலவற்றில் மட்டும் வாயுவும் தூசும் கருந்துளையை நோக்கித் தொடர்ந்து விழுந்துகொண்டிருக்கின்றன. விழும் வழியில் அந்தப் பொருள் கடுமையாகச் சூடாகி, அந்தச் சின்ன மையம் மட்டுமே பல நூறு கோடி நட்சத்திரங்களுக்கு இணையாக ஒளிர்கிறது. அப்படிப்பட்டதைத்தான் ஆக்டிவ் கேலக்ஸி, அதாவது ‘மையம் விழித்திருக்கும் கேலக்ஸி’ என்கிறார்கள். மெஸ்ஸியே 77-ல் இருக்கும் கருந்துளையின் நிறை, ஒரு கோடி சூரியன் என்ற அளவில் இருக்கும்.

1943-ல் அமெரிக்க வானியலாளர் கார்ல் செய்ஃபர்ட், மையம் வழக்கத்துக்கு மாறாகப் பிரகாசமாக இருந்த ஆறு கேலக்ஸிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்த ஆறில் இதுவும் ஒன்று. இன்றைக்கும் இந்த வகைக்குப் பெயர் ‘செய்ஃபர்ட் கேலக்ஸி’தான்.

பின்னாளில் இவற்றை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். முதல் வகையில், மையத்து வாயு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் சுழல்வது நிறமாலையில் தெரியும். வேகம் அதிகமானால் நிறமாலைக் கோடுகள் பட்டையாக விரியும், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். இரண்டாவது வகையில் அந்த விரிந்த கோடுகளைக் காணோம். மெல்லிய கோடுகள் மட்டும்தான். மெஸ்ஸியே 77 இரண்டாவது வகை.

அப்படியானால் இவை இரண்டு வேறு விதமான கேலக்ஸிகளா?

வடை எங்கிருந்து வந்தது?

1985-ல் ராபர்ட் அன்டொனூச்சி, ஜோசப் மில்லர் இருவரும் மெஸ்ஸியே 77-ன் ஒளியை வேறு விதமாகப் பார்த்தார்கள். நேராக வரும் ஒளியை விட்டுவிட்டு, எதன் மீதோ பட்டுச் சிதறி வரும் ஒளியை மட்டும் பிரித்தெடுத்தார்கள். சிதறிய ஒளிக்கு ஒரு குறிப்பிட்ட அதிர்வுத் திசை இருக்கும். கண் கூசாமல் இருக்க நாம் போடும் போலராய்டு கூலிங் கிளாஸ் இதைப் பயன்படுத்தித்தான் வேலை செய்கிறது.

அந்தச் சிதறிய ஒளியில் விரிந்த கோடுகள் இருந்தன!

பக்கத்து அறையில் டிவி ஓடுகிறது, சுவர் மறைக்கிறது, ஆனால் கதவு வழியாக எதிர்ச் சுவரில் அதன் வெளிச்சம் ஆடுவது தெரிகிறது. டிவியைப் பார்க்காமலேயே ‘உள்ளே டிவி ஓடுகிறது’ என்று சொல்லிவிடுவீர்கள் அல்லவா? அதேதான். இரண்டாம் வகைக் கேலக்ஸிக்குள்ளும் முதல் வகை மையம் இருக்கிறது. நடுவில் ஏதோ ஒரு சுவர் மறைக்கிறது.

அந்தச் சுவர் எந்த வடிவில் இருந்தால் சில கோணங்களில் மறைத்து, சில கோணங்களில் மறைக்காமல் இருக்கும்? நடுவில் ஓட்டை உள்ள தடித்த வளையம். வானியலாளர்கள் ‘டோனட்’ என்றார்கள். நாம் மெதுவடை என்றே வைத்துக்கொள்வோம். மேலிருந்து பார்த்தால் ஓட்டை வழியாக மையம் தெரியும், அது முதல் வகை. பக்கவாட்டில் பார்த்தால் வடைதான் தெரியும், மையம் தெரியாது, அது இரண்டாம் வகை. கேலக்ஸி ஒன்றுதான், நாம் பார்க்கும் கோணம்தான் வேறு. இதற்கு ‘ஒருங்கிணைந்த மாதிரி’ என்று பெயர். 1990களில் வந்த ஒரு விளக்கப்படம் பாடப் புத்தகங்களில் எல்லாம் இடம்பிடித்துவிட்டது.

இங்கே ஒரு சங்கடம். அந்த வடையை அதுவரை யாரும் பார்த்ததே இல்லை. ‘இருந்தாக வேண்டும்’ என்ற வாதத்தில் இருந்து வந்த படம் அது. அது எவ்வளவு பெரியது, எவ்வளவு தடிமன், உண்மையிலேயே வளையமா என்று எதற்கும் நேரடி ஆதாரம் கிடையாது.

ஏன் அகச்சிவப்பில் பார்க்க வேண்டும்?

தூசு என்றதும் ஜன்னல் கம்பியில் படிவதை நினைக்காதீர்கள். இது புகைத் துகளைப் போன்றது. ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான கரி, மணல் வகைத் துகள்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் கிட்டத்தட்ட இதே அளவு என்பதால், அந்த ஒளி தூசில் மாட்டிக்கொள்கிறது. அகச்சிவப்பின் அலைநீளம் அதைவிட அதிகம். அதனால் ஓரளவு தப்பி வெளியே வந்துவிடும். புகை மண்டிய கட்டடத்துக்குள் தீயணைப்பு வீரர்கள் அகச்சிவப்புக் கேமராவோடு போவது இதனால்தான்.

அதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று உண்டு. மையத்தில் இருந்து வரும் புற ஊதா ஒளியை விழுங்கும் தூசு, தானே சூடாகி அகச்சிவப்பில் ஒளிர்கிறது. அதாவது மறைக்கும் திரையே விளக்காகவும் மாறுகிறது. சுமார் 1,500 கெல்வினைத் தாண்டினால் துகள்கள் ஆவியாகிவிடும். ஆகவே, கருந்துளைக்கு எவ்வளவு அருகில் தூசு தாக்குப்பிடிக்க முடியும் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையில் உள்ள தூசு 2 மைக்ரோமீட்டர் பக்கம் ஒளிரும். தள்ளி இருக்கும் மிதமான சூட்டுத் தூசு 10 மைக்ரோமீட்டர் பக்கம் ஒளிரும். அலைநீளத்தை மாற்றினால், பார்க்கும் அடுக்கு மாறும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1960களின் இறுதியில் ஃபிராங்க் லோவும் சக ஆய்வாளர்களும், திரவ ஹீலியத்தில் குளிரூட்டிய உணரியை வைத்து, செய்ஃபர்ட் கேலக்ஸிகள் அகச்சிவப்பில் எக்கச்சக்கமாக ஒளிர்வதைக் கண்டார்கள். ஆனால் அது வெறும் பிரகாச அளவு. படம் கிடையாது.

தரையில் இருந்து 10 மைக்ரோமீட்டரில் வானத்தைப் பார்ப்பது எரிச்சல் பிடித்த வேலை. நம் உடம்பு அதிகம் ஒளிர்வதே 9 மைக்ரோமீட்டர் சுற்றுவட்டாரத்தில்தான். காற்று, தொலைநோக்கிக் கண்ணாடி, அதைத் தாங்கும் இரும்பு என எல்லாமே அந்த அலைநீளத்தில் ‘எரிந்துகொண்டு’ இருக்கும். பட்டப்பகலில், உள்ளே பல்பு போட்ட ஒரு குழாய் வழியாக நட்சத்திரம் தேடுவது மாதிரி. அதனால் கேலக்ஸியையும் பக்கத்து வெற்று வானத்தையும் மாறி மாறிப் பார்த்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறார்கள். போதாததற்கு, காற்றில் இருக்கும் ஈரம் அகச்சிவப்பைக் குடித்துவிடும். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், 2,635 மீட்டர் உயரத்தில் உள்ள பரனால் மலையில் ஐரோப்பியத் தெற்கு வான் ஆய்வகம் தொலைநோக்கிகளை நிறுத்தியிருப்பது அதற்காகத்தான்.

டெல்லியில் வடை, சென்னையில் கண்

இப்போது அளவுக்கு வருவோம். மெஸ்ஸியே 77-ன் மையத்தில் சூடான தூசு எல்லை இருப்பது சுமார் 0.8 ஒளியாண்டு ஆரத்தில். 4.7 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருந்து பார்த்தால் அது எவ்வளவு பெரிதாகத் தெரியும்?

கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். சென்னைக்கும் டெல்லிக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர். சென்னையில் நின்றுகொண்டு, டெல்லியில் ஒரு தட்டில் இருக்கும் 6 சென்டிமீட்டர் அகலப் பொருளைப் பார்ப்பதற்குச் சமம். ஆறு சென்டிமீட்டர் என்பது, சத்தியமாக நான் வளைக்கவில்லை, கிட்டத்தட்ட ஒரு மெதுவடையின் அளவு.

இதே அளவுகோலில் தொலைநோக்கிகளைப் பார்ப்போம். காற்று நடுக்கம் ஓரளவு நல்ல இரவிலும் படத்தை ஒரு ஆர்க்செகண்ட் அளவுக்குக் கலைத்துவிடும். டெல்லி வடை எட்டரை மீட்டர் அகலத் தீற்றலாகிவிடும். அந்த நடுக்கத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சரிசெய்யும் வளையும் கண்ணாடியைப் பொருத்தி, 8.2 மீட்டர் தொலைநோக்கியில் 2.2 மைக்ரோமீட்டரில் பார்த்தால் தீற்றல் 58 சென்டிமீட்டராகக் குறையும். 10 மைக்ரோமீட்டரில் என்றால் இரண்டரை மீட்டருக்கும் மேல். அதாவது மேசை இருக்கிறது என்று தெரியும். தட்டு தெரியாது. வடைக்கு வாய்ப்பே இல்லை.

இது கண்ணாடியின் தரக்குறைவு அல்ல. ஒளி அலையாக இருப்பதால் வரும் எல்லை. அலைநீளம் கூடினால் படம் மங்கும், கண்ணாடியின் விட்டம் கூடினால் தெளியும். வடையைப் பார்க்க நூறு மீட்டருக்கும் மேல் விட்டமுள்ள கண்ணாடி வேண்டும். அப்படி ஒன்று உலகத்தில் இல்லை.

நூறு மீட்டர் கண்ணாடி இல்லாமல் நூறு மீட்டர் பார்வை

இல்லாததால் ஏமாற்று வேலை செய்கிறார்கள். 130 மீட்டர் வரை இடைவெளி விட்டு நிற்கும் தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றாகச் சேர்த்தால், விவரத்தைப் பிரித்தறியும் விஷயத்தில் மட்டும் அது 130 மீட்டர் தொலைநோக்கி போல நடந்துகொள்ளும். இதுதான் இன்டர்ஃபெரோமீட்டர்.

புனே அருகே கோடாட் கிராமத்தில் 30 ராட்சத டிஷ்களோடு இருக்கும் ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியின் அடிப்படையும் இதேதான். ஆனால் ரேடியோவில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஒவ்வொரு டிஷ்ஷும் வாங்கும் அலையை மின் சிக்னலாக மாற்றி, கேபிளில் அனுப்பி, கணினியில் பெருக்கிக்கொள்ளலாம். 10 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு நொடிக்கு 30 லட்சம் கோடி முறை அதிர்கிறது. அதை அப்படியெல்லாம் பதிவு செய்துவைத்துப் பின்னால் கூட்டிக்கொள்ள முடியாது. ஒளியையே நேரடியாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

அதனால் பரனாலில் பூமிக்கடியில் சுரங்கங்கள் இருக்கின்றன. நான்கு தொலைநோக்கிகளின் ஒளியும் கண்ணாடிகளில் பட்டுப் பட்டு அங்கே வருகிறது. பூமி சுழல்வதால் ஒவ்வொரு பாதையின் நீளமும் நொடிக்கு நொடி மாறும். தண்டவாளத்தில் ஓடும் கண்ணாடி வண்டிகள் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டுகின்றன, அதுவும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடத் துல்லியமாக. எல்லாம் சரியாகப் பொருந்தினால் ஒளி ஒன்றோடொன்று கலந்து வெளிச்சமும் இருட்டுமாக வரிகள் தோன்றும். அந்த வரிகள்தான் தரவு.

கவனியுங்கள், படம் இன்னும் வரவில்லை. இரண்டு தொலைநோக்கிகள் சேர்ந்தால் கிடைப்பது, படத்தைப் பற்றிய ஒரே ஒரு எண் மாதிரி. நான்கு தொலைநோக்கிகளில் ஆறு ஜோடிகள். பூமி சுழலச் சுழல ஜோடிகளின் கோணம் மாறும், இன்னும் சில எண்கள் கிடைக்கும். முழுப் படத்துக்குத் தேவையான எண்களில் பெரும்பாலானவை கிடைக்கவே கிடைக்காது.

தேர்தல் இரவில் ஒரு தொகுதியின் ஆறே ஆறு வாக்குச்சாவடிகளின் முடிவு உங்கள் கைக்கு வருகிறது என்று வையுங்கள். அதை வைத்து முழுத் தொகுதியின் வரைபடத்துக்கு நிறம் பூச வேண்டும். முடியும். ஆனால், ‘பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஓரளவு ஒரே மாதிரி வாக்களிக்கும்’ என்பது போல ஏதாவது ஓர் அனுமானத்தை உள்ளே நுழைத்தால்தான் முடியும். இன்டர்ஃபெரோமீட்டர் படங்களிலும் இதுதான் நடக்கிறது.

இன்னொரு இழப்பும் உண்டு. காற்று ஒவ்வொரு தொலைநோக்கிக்கு மேலும் ஒவ்வொரு விதமாக ஒளியைத் தாமதப்படுத்தும். மூன்று தொலைநோக்கிகளை முக்கோணமாக எடுத்து அளவுகளைக் கூட்டினால் அந்தப் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அருமையான தந்திரம். ஆனால் அதோடு சேர்ந்து, ‘படத்தில் இருப்பது வானத்தில் துல்லியமாக எந்த இடத்தில்?’ என்ற தகவலும் போய்விடும். வடிவம் கிடைக்கும், முகவரி கிடைக்காது. சண்டையே இங்கிருந்துதான் வருகிறது.

வளையமா, திரையா?

முதல் பெரிய அடி 2004-ல். வால்டர் யாஃபே தலைமையிலான குழு, பரனாலில் இரண்டு தொலைநோக்கிகளை இணைக்கும் ‘மிடி’ என்ற கருவியை வைத்து மெஸ்ஸியே 77-ஐ அளந்து நேச்சர் இதழில் எழுதியது. சுமார் 11 ஒளியாண்டு அகலம், 7 ஒளியாண்டு தடிமன் உள்ள ஒரு தூசுக் கட்டமைப்பு. அதன் வெப்பம் 320 கெல்வின், அதாவது 47 டிகிரி செல்சியஸ், மே மாத ராஜஸ்தான். அதற்குள்ளே 800 கெல்வினைத் தாண்டிய சிறிய சூடான பகுதி. நம் டெல்லி அளவுகோலில், வெளிக் கட்டமைப்பு ஒரு பெரிய தாம்பாளம் அளவு. பலரும் ‘வடை கிடைத்துவிட்டது’ என்று நினைத்ததில் தப்பில்லை. ஆனால் இரண்டே தொலைநோக்கி என்பதால் படம் கிடையாது. ஒரு வடிவத்தை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு, தரவு அதற்குப் பொருந்துகிறதா என்று பார்த்ததுதான்.

அடுத்து ‘கிராவிட்டி’ என்ற கருவி. நான்கு தொலைநோக்கிகளையும் 2 மைக்ரோமீட்டரில் இணைப்பது. பால்வீதியின் மையக் கருந்துளையைச் சுற்றும் நட்சத்திரத்தைத் துல்லியமாக அளந்து, 2020 நோபல் பரிசுக்குக் காரணமான நீண்டகால ஆய்வுக்குக் கைகொடுத்த அதே கருவி. அதன் குழு 2020-ல் மெஸ்ஸியே 77-ன் படத்தை வெளியிட்டது. சூடான தூசுத் திட்டுகள் ஒரு மெல்லிய, சாய்ந்த வளையத்தின் விளிம்பு போலத் தெரிந்தன. ஆரம் 0.8 ஒளியாண்டு. தூசு ஆவியாகும் எல்லை அங்கேதான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அருகில் ரேடியோவில் ஏற்கெனவே தெரிந்திருந்த நீராவி மேசர் வட்டின் சாய்வோடும் அது ஒத்துப்போனது. கருந்துளையை அந்த வளையத்தின் நடுவில் வைத்தார்கள்.

பிரச்னை என்னவென்றால், இந்த வளையம் ரொம்ப மெல்லிசு. வடை இல்லை, அப்பளம். அப்பளம் எதையும் மறைக்காதே! ‘புத்தகத்தில் இருக்கும் தடித்த டோனட்டை நாங்கள் பார்க்கவில்லை, மறைப்பது வேறு ஏதோ தூசாக இருக்க வேண்டும்’ என்பது அவர்களின் வாதம்.

2022 பிப்ரவரியில் வியோலெட்டா காமெஸ் ரோசாஸ் தலைமையிலான குழு நேச்சர் இதழில் பதில் சொன்னது. இவர்களிடம் இருந்தது ‘மத்தீஸ்’ என்ற கருவி. அதுவும் நான்கு தொலைநோக்கிகளை இணைக்கிறது, ஆனால் 3 முதல் 13 மைக்ரோமீட்டர் வரை. பல அலைநீளங்களில் படம் கிடைத்ததால், ஒவ்வொரு இடத்திலும் வெப்பநிலை என்ன, எவ்வளவு தூசு மறைக்கிறது என்று ஒரு வெப்ப வரைபடமே போட முடிந்தது. பிறகு அதை ரேடியோ வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்த்தார்கள்.

அப்படிப் பொருத்தும்போது, கிராவிட்டி ‘வளையம்’ என்று சொன்ன பிரகாசமான பகுதி கருந்துளையைச் சுற்றி இல்லை. கருந்துளை அதற்குத் தெற்கே, படத்தில் மங்கலாகத் தெரியும் இடத்தில், கிட்டத்தட்ட பக்கவாட்டில் நிற்கும் தடித்த தூசு வட்டுக்குப் பின்னால் வந்தது. அதாவது மறைக்கும் திரை இருக்கிறது. ஒருங்கிணைந்த மாதிரி பிழைத்தது.

இரண்டு குழுவிடமும் முகவரி இல்லாத வடிவம்தான் இருந்தது. ஒருவர் மேசர் வட்டோடு பொருத்தினார், இன்னொருவர் வெப்பநிலையையும் ரேடியோ வரைபடத்தையும் வைத்துப் பொருத்தினார். என்னைக் கேட்டால், 2022 வாதம் கொஞ்சம் வலுவானது, காரணம் ஒரே அலைநீளத்தை நம்பாமல் பலவற்றைச் சேர்த்தது. ஆனால் அதுவும் பொருத்திப் பார்த்ததுதான், நேரில் பார்த்தது இல்லை. அடுத்த முறை ‘கருந்துளை மறைவிடம் கண்டுபிடிப்பு’ என்று தலைப்பைப் பார்த்தால், எந்த அலைநீளம், எதோடு பொருத்தினார்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். அந்தச் செக்கச் சிவந்த நிறங்களும் நாம் பூசியவை. அகச்சிவப்புக்கு நம் கண்ணில் நிறமே கிடையாது.

வடைக்கு மேலே எழும் ஆவி

மெஸ்ஸியே 77 மட்டும் இப்படி இருந்திருந்தால் ‘இது ஒரு விதிவிலக்கு’ என்று தள்ளியிருக்கலாம். தென்வானில், இன்னும் பக்கத்தில், சுமார் 1.3 கோடி ஒளியாண்டு தூரத்தில் சர்சினஸ் கேலக்ஸி இருக்கிறது. 2014-ல் வெளியான ஆய்வில் கான்ராட் டிரிஸ்ட்ராம் குழு அதை மிடி கருவியால் அளந்தபோது, 10 மைக்ரோமீட்டர் ஒளியில் பெரும்பகுதி வட்டில் இருந்து வரவில்லை. வட்டுக்குச் செங்குத்தாக, மேலும் கீழும் நீண்டிருந்த தூசில் இருந்து வந்தது. என்.ஜி.சி. 3783 போன்ற வேறு சில கேலக்ஸிகளிலும் இதே கதை.

வடையைத் தேடிப் போனவர்களுக்கு, வடையில் இருந்து எழும் ஆவிதான் அதிகம் கிடைத்தது என்று சொல்லலாம். காரணமும் புரியும்படிதான் இருக்கிறது. தூசு புற ஊதா ஒளியை விழுங்கும்போது அந்த ஒளியின் அழுத்தத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. அழுத்தம் போதுமான அளவு இருந்தால், உள்ளே விழ வேண்டிய தூசு மேல்நோக்கித் தள்ளப்படும். ஜப்பானின் கெய்ச்சி வாடா 2012-ல் கணினியில் உருவாக்கிக் காட்டிய மாதிரியில் இது ஒரு நீரூற்று போல நடக்கிறது. வாயு மேலே எழும், ஒரு பகுதி தப்பிவிடும், மீதி திரும்ப விழும். வெளியில் இருந்து பார்த்தால் இந்தக் கொந்தளிப்பே தடித்த வளையம் போல மறைக்கும். இந்தக் கணக்கில் வடை என்பது ஒரு பொருளே அல்ல, ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு நிகழ்வு.

2025 ஜனவரியில், அரிசோனாவின் கிரஹாம் மலையில் 8.4 மீட்டர் கண்ணாடிகள் இரண்டை ஒரே சட்டத்தில் தாங்கி நிற்கும் லார்ஜ் பைனாகுலர் தொலைநோக்கியை வைத்து, ஜேக்கப் ஐஸ்பெல் குழு மெஸ்ஸியே 77-ஐ மறுபடி எடுத்தது. இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 23 மீட்டர் கண்ணாடிக்குச் சமம். டெல்லி அளவுகோலில் இது வடையைப் பிரிக்காது. ஆனால் பரனாலின் ஆறு ஜோடிகள் தவறவிடும் பரந்த, மங்கலான பகுதிகளை இது பிடிக்கிறது. தூசுக் காற்று வெளியே வீசுவதும், ரேடியோ பீச்சு பட்டுச் சில இடங்களில் தூசு கூடுதலாகச் சூடாவதும் அதில் தனித்தனியாகத் தெரிந்தன.

அதற்குச் சரியாக ஒரு வருடம் கழித்து, 2026 ஜனவரியில், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி சர்சினஸ் பற்றிச் சொன்னது வேறு மாதிரி. வெப்பின் கண்ணாடிக்குப் பின்னால் ஏழு ஓட்டை போட்ட ஒரு மறைப்புத் தகடு இருக்கிறது. அது ஒரே தொலைநோக்கியைச் சின்ன இன்டர்ஃபெரோமீட்டராக மாற்றிவிடும். அந்த முறையில் பார்த்தபோது, சூடான தூசின் ஒளியில் மிகப் பெரும் பங்கு மையத்தை ஒட்டிய வட்டில் இருந்து வந்தது. வெளியே வீசும் காற்றின் பங்கு மிகமிகக் குறைவு.

‘அப்போ டிரிஸ்ட்ராம் சொன்னது தப்பா?’ என்று கேட்பீர்கள். அலைநீளத்தை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, இதற்குத்தான். அவர் பார்த்தது 10 மைக்ரோமீட்டர் பக்கம், வெப் இந்த முறையில் பார்த்தது அதில் பாதிக்கும் குறைவான அலைநீளத்தில். வட்டில் இருப்பது சூடான தூசு, மேலே எழுவது கொஞ்சம் ஆறிய தூசு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஆனால் ‘வடையைத் தூக்கிப் போடுங்கள், எல்லாமே காற்றுதான்’ என்று சிலர் போன வேகத்துக்கு இது ஒரு பிரேக்.

இதனால் நமக்கு என்ன?

நேர்மையாகச் சொன்னால், உங்கள் இ.எம்.ஐ.-க்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வானியலில் இதன் மேல் நிறைய விஷயங்கள் நிற்கின்றன. கருந்துளைகள் எவ்வளவு வேகமாக வளர்ந்தன என்று கணக்கெடுக்க வேண்டுமானால், மறைந்திருப்பவை எத்தனை என்று தெரிய வேண்டும். மறைப்பது நிலையான சுவரா, மாறிக்கொண்டே இருக்கும் காற்றா என்பதைப் பொறுத்து அந்தக் கணக்கு மாறும். இன்னொன்று, நடுவில் இருந்து வீசும் காற்று கேலக்ஸியின் வாயுவைத் துடைத்துவிட்டால் புது நட்சத்திரங்கள் உருவாவது குறையும். ஒளியாண்டுக்கும் குறைவான ஓர் இடத்தில் நடப்பது, ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தூரத்துக்கு விளைவை உண்டாக்குகிறது.

2022 நவம்பரில், தென்துருவப் பனிக்கு அடியில் இருக்கும் ஐஸ்கியூப் ஆய்வகம், மெஸ்ஸியே 77 இருக்கும் திசையில் இருந்து சுமார் 79 உயர் ஆற்றல் நியூட்ரினோக்கள் கூடுதலாக வந்திருப்பதாக அறிவித்தது. நியூட்ரினோவுக்குத் தூசுத் திரை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதோடு சேர்ந்து வரவேண்டிய காமா கதிர்கள் அந்த அளவுக்கு வரவில்லை. எங்கோ மிக நெரிசலான ஓர் இடத்தில் அவை மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். கருந்துளையை ஒட்டிய பகுதிதான் அதற்குப் பொருத்தமான இடம். அந்த இடத்தைச் சரியாகக் குறிக்கத்தான் மேலே சொன்ன இரண்டு குழுக்களும் மல்லுக்கட்டுகின்றன.

அடுத்தது என்ன, இந்தியா எங்கே?

பரனாலுக்கு அருகிலேயே ஆர்மசோனஸ் மலையில் 39 மீட்டர் கண்ணாடியுடன் எக்ஸ்ட்ரீம்லி லார்ஜ் தொலைநோக்கி எழும்பிக்கொண்டிருக்கிறது. அதற்கான ‘மெட்டிஸ்’ கருவி 3 முதல் 13 மைக்ரோமீட்டரில் பார்க்கும். நம் அளவுகோலில் 10 மைக்ரோமீட்டரில் அதன் தீற்றல் சுமார் 55 சென்டிமீட்டர். வடையைத் தனித்துக் காட்டாது என்றாலும், அனுமானம் குறைவான முழுப் படம் தரும். மத்தீஸ் தந்த வடிவத்தை அதன் மேல் பொருத்தினால், தொலைந்துபோன முகவரி கிடைக்கலாம்.

முப்பது மீட்டர் தொலைநோக்கித் திட்டத்தில் இந்தியா பங்குதாரர். அதன் கண்ணாடித் துண்டுகளில் ஒரு பகுதியைப் பெங்களூரு அருகே ஹொஸ்கோட்டேயில் உள்ள இந்திய வான் இயற்பியல் கழகத்தின் வளாகத்தில் மெருகேற்றும் திட்டம். ஆனால் ஹவாயின் மவுனா கியா மலையில் பூர்வகுடி மக்களின் எதிர்ப்பால் கட்டுமானம் வருடக்கணக்கில் முடங்கிக் கிடக்கிறது. அவர்களுக்கு அது புனித மலை. லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் நமக்கு 2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. காற்று வறண்டது, அகச்சிவப்புக்கு ஏற்ற இடம். இந்த வடைப் போட்டியில் இறங்க அந்த விட்டம் போதாது, அவ்வளவுதான்.

மெஸ்ஸியே 77-ஐ நீங்களே பார்க்கலாம். அது கிட்டத்தட்ட வான நடுக்கோட்டின் மேலேயே இருப்பதால் காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை எங்கிருந்தும் தெரியும். டிசம்பர் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணிவாக்கில் உயரத்தில் இருக்கும். சீட்டஸ் நட்சத்திரக் கூட்டத்தில் டெல்டா சீட்டி என்ற நட்சத்திரத்தை மொபைல் ஆப்பில் தேடுங்கள். அதிலிருந்து ஒரு டிகிரிக்கும் குறைவான தூரத்தில், ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில், ஆறு அங்குலத் தொலைநோக்கியில் ஒரு சின்ன பஞ்சுத் துண்டு போலவும் அதன் நடுவில் ஒரு பிரகாசமான புள்ளி போலவும் தெரியும்.